ஹெடர் கோப்பு எங்கே போனது? 'நோ சச் ஃபைல்' பிழைக்கு ஓர் எளிய விளக்கம்

பைத்தான் பேக்கேஜ் ஒன்றை நிறுவ 'பிப் இன்ஸ்டால்' போட்டால் சில நொடிகளில் முடியவேண்டிய வேலை, சில பேக்கேஜ்களுக்கு மட்டும் திரை நிறையச் சிவப்பு எழுத்தைக் கொட்டிவிட்டு நின்றுவிடும். நூறு வரி இருந்தாலும் படிக்கவேண்டியது ஒரே வரிதான். மேலிருந்து பார்த்துக்கொண்டே வந்தால் முதலில் 'ஃபேட்டல் எரர்' என்ற சொல் வரும் இடம் அது. உதாரணமாக, 'ஃபேட்டல் எரர்: லிப்பிக்யூ-எஃப்இ.ஹெச்: நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி'. அதன் கீழே இருப்பவை எல்லாம் அதன் விளைவுகள். கடைசியில் வரும் 'ஃபெயில்டு பில்டிங் வீல்' (வீல் என்பது நிறுவத் தயாராகக் கட்டிய பைத்தான் பேக்கேஜ்) என்பதை இணையத்தில் தேடுவது நேர விரயம். எந்தக் கோளாறுக்கும் அதே வரிதான் வரும்.

கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் இங்கே வாயால் சொல்கிறபடி எழுதியிருக்கிறோம். டைப் செய்யும்போது, பெரிய எழுத்து என்று குறிப்பிட்ட இடங்களைத் தவிர மற்றவை சிறிய எழுத்து.

ஹெடர் வேறு, லைப்ரரி வேறு

பைத்தான் பேக்கேஜ் என்றாலும் உள்ளே சி மொழி நிரல் இருக்கலாம். சைகோபிஜி2 அப்படிப்பட்டது. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்துடன் பேசும் வேலையை அது தானே செய்வதில்லை. லிப்பிக்யூ என்ற சி லைப்ரரியிடம் விட்டுவிடுகிறது. அந்த லைப்ரரியில் என்னென்ன ஃபங்ஷன்கள் உள்ளன, ஒவ்வொன்றும் எதை வாங்கிக்கொண்டு எதைத் திருப்பித் தரும், எந்த ஸ்ட்ரக்ட் (பல தரவுகளைச் சேர்த்துவைக்கும் தொகுப்பு) எப்படி அடுக்கப்பட்டிருக்கிறது என்பதை, நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலருக்கு அறிவிக்கும் உரைக் கோப்புதான் ஹெடர். எந்த எடிட்டரிலும் திறந்து படிக்கலாம். உண்மையில் இயங்கும் நிரல் '.எஸ்ஓ' என்று முடியும் லைப்ரரிக் கோப்பில் இருக்கிறது. ஹெடர் தேவைப்படுவது கம்பைல் செய்யும்போது மட்டும். '.எஸ்ஓ' கோப்பு நிரல் ஓடும் ஒவ்வொரு முறையும் தேவை.

லினக்ஸ் வினியோகங்கள் இந்த வேறுபாட்டை அப்படியே பேக்கேஜாகப் பிரித்துவிட்டன. நிரலை ஓட்டுகிறவர்கள் பலர், கம்பைல் செய்கிறவர்கள் சிலர். எல்லோர் வட்டிலும் ஹெடரைக் கொட்டுவானேன்? ஆகவே டெபியன், உபுண்டுவில் ஓடுவதற்கு 'லிப்பிக்யூ5', கம்பைல் செய்ய 'லிப்பிக்யூ-டெவ்'. ஃபெடோராவில் பின்னொட்டு 'டெவெல்' என்று மாறும். ஆல்பைனில் மறுபடி 'டெவ்'. ஆர்ச் லினக்ஸ் பொதுவாகப் பிரிப்பதே இல்லை. ஹெடரும் லைப்ரரியும் ஒரே பேக்கேஜில் வந்துவிடும். 'லைப்ரரிதான் ஏற்கெனவே இருக்கிறதே, ஏன் கேட்கிறது?' என்ற கேள்விக்குப் பெரும்பாலும் இதுதான் பதில். உங்களிடம் இருப்பது லிப்பிக்யூ5.

டெவ் பேக்கேஜில் ஹெடர் மட்டும் இல்லை. வெர்ஷன் எண் இல்லாத 'லிப்பிக்யூ.எஸ்ஓ' என்ற சிம்லிங்க் (இன்னொரு கோப்பைச் சுட்டும் இணைப்பு) ஒன்றும் அதில்தான் வரும். ஓடும் பேக்கேஜில் இருப்பது 'லிப்பிக்யூ.எஸ்ஓ.5'. கம்பைல் ஆன நிரலை லைப்ரரியோடு இணைக்கும் லிங்கர் தேடுவது எண் இல்லாத பெயரை. அதனால் கம்பைல் தாண்டியபின் 'கேனாட் ஃபைண்ட் -எல்பிக்யூ' என்று லிங்கர் முறையிட்டாலும் மருந்து அதே டெவ் பேக்கேஜ்தான். எங்கிருந்தோ ஹெடரை மட்டும் நகலெடுத்துப் போட்டவர்கள் அடுத்து வந்து நிற்கும் இடம் இது. லைப்ரரிகளின் பாதைகளைச் சொல்லும் பிகேஜி-கான்ஃபிக் என்ற கருவி படிக்கும் '.பிசி' கோப்பும் அதே டெவ் பேக்கேஜில்தான் வருகிறது. அந்தக் கருவியைப் பற்றிப் பின்னால் பார்ப்போம்.

பெயரை ஊகிக்காமல் கேட்பது

எந்தப் பேக்கேஜில் எந்த ஹெடர் என்று ஊகிக்கத் தொடங்கினால் பாதி நேரம் தவறும். 'எஃப்எஃப்ஐ.ஹெச்' வேண்டுமானால் 'லிப்எஃப்எஃப்ஐ-டெவ்' என்று ஊகிப்பது எளிது. ஆனால் டெபியனில், தரவைச் சுருக்கும் லைப்ரரியான இசட்லிப்பின் பேக்கேஜ் பெயர் 'இசட்லிப்1ஜி-டெவ்'. அதை யாரும் ஊகித்துக் கண்டுபிடிக்க மாட்டார்கள்.

டெபியன், உபுண்டுவில் ஆப்ட்-ஃபைல் என்ற கருவியை நிறுவுங்கள். ஒருமுறை 'ஆப்ட்-ஃபைல் அப்டேட்' கொடுத்துப் பட்டியலை இறக்கியபின் 'ஆப்ட்-ஃபைல் சர்ச் லிப்பிக்யூ-எஃப்இ.ஹெச்' என்று கேட்டால், நிறுவாத பேக்கேஜ்களையும் சேர்த்துத் தேடி, உரிய பேக்கேஜின் பெயரையும் முழுப் பாதையையும் தரும். ஃபெடோராவில் இதே வேலையை 'டிஎன்எஃப் ப்ரொவைட்ஸ்' செய்யும். கோப்புப் பெயருக்கு முன்னால் நட்சத்திரமும் சாய்கோடும் போட்டு, முழுவதையும் ஒற்றை மேற்கோளுக்குள் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் ஷெல் அந்த நட்சத்திரத்தைத் தானே விரிக்கப் பார்க்கும். ஆல்பைனின் பேக்கேஜ் வலைத்தளத்தில் கோப்பின் பெயரால் தேடும் வசதி இருக்கிறது.

'டிபிகேஜி -எஸ்' (எஸ் பெரிய எழுத்து) என்ற கட்டளையும் இதேபோலத் தோன்றும். ஆனால் அது ஏற்கெனவே நிறுவியவற்றில் மட்டும் தேடும். இல்லாத ஹெடரை அதனிடம் கேட்டுவிட்டு 'அப்படி ஒரு பேக்கேஜே இல்லை' என்று முடிவுகட்டிவிடக் கூடாது. கையில் இருக்கும் கோப்பு யாருடையது என்று அறியத்தான் அது.

இன்னொன்று: 'எஸ்எஸ்எல்.ஹெச்' என்று மொட்டையாகத் தேடினால் தொடர்பில்லாத பேக்கேஜ்களும் வரிசையாக வரும். பிழைச் செய்தியில் உள்ளபடி 'ஓப்பன்எஸ்எஸ்எல்/எஸ்எஸ்எல்.ஹெச்' என்று ஃபோல்டரோடு தேடுங்கள். சாய்கோட்டுக்கு முன் இருக்கும் பகுதியும் பெயரில் அடக்கம்.

கோப்பு இருக்கிறது, கம்பைலர் பார்க்கவில்லை

டெவ் பேக்கேஜை நிறுவியாயிற்று, கோப்பும் வட்டில் இருக்கிறது, பிழை மட்டும் போகவில்லை. தொடக்கக்காரர்கள் கைவிடும் இடம் இது. கம்பைலர் வட்டு முழுவதும் தேடுவதில்லை என்பதை நினைவில் கொள்ள வேண்டும். அதன் கையில் ஒரு சிறிய பட்டியல் உண்டு. அதிலுள்ள ஃபோல்டர்களை வரிசையாகப் பார்க்கும், உட்ஃபோல்டர்களுக்குள் தானாக இறங்காது.

ஜிசிசி என்ற சி கம்பைலரின் பட்டியலைப் பார்க்க 'ஜிசிசி -எக்ஸ்சி -ஈ -வி /டெவ்/நல்' என்று கொடுங்கள் (ஈ மட்டும் பெரிய எழுத்து). வெளியீட்டின் நடுவே 'சர்ச் ஸ்டார்ட்ஸ் ஹியர்' என்பதற்கும் 'எண்ட் ஆஃப் சர்ச் லிஸ்ட்' என்பதற்கும் இடையில் இருப்பதுதான் அது. வழக்கமான உபுண்டுவில் ஜிசிசியின் சொந்த ஃபோல்டர், /யூஎஸ்ஆர்/லோக்கல்/இன்க்ளூட், பிராசசர் வகையின் பெயர் தாங்கிய /யூஎஸ்ஆர்/இன்க்ளூட்/எக்ஸ்86_64-லினக்ஸ்-க்னூ, கடைசியாக /யூஎஸ்ஆர்/இன்க்ளூட். அவ்வளவுதான்.

இப்போது லிப்எக்ஸ்எம்எல்2-ஐப் பாருங்கள். நிரலில் எழுதியிருப்பது 'லிப்எக்ஸ்எம்எல்/பார்சர்.ஹெச்'. டெபியனில் கோப்பு இருப்பது /யூஎஸ்ஆர்/இன்க்ளூட்/லிப்எக்ஸ்எம்எல்2/லிப்எக்ஸ்எம்எல்/பார்சர்.ஹெச். கம்பைலர் /யூஎஸ்ஆர்/இன்க்ளூடுக்குள் 'லிப்எக்ஸ்எம்எல்' என்ற ஃபோல்டரைத் தேடும். அங்கே இருப்பதோ இறுதியில் 2 சேர்ந்த ஃபோல்டர். இடையில் ஒரு படி கூடுதலாக இருக்கிறது, அந்தப் படியை நாம்தான் சொல்லித்தர வேண்டும். போஸ்ட்கிரெஸ் ஹெடரும் டெபியனில் /யூஎஸ்ஆர்/இன்க்ளூட்/போஸ்ட்கிரெஸ்கியூஎல் என்ற உட்ஃபோல்டரில்தான் இருக்கிறது. ஜிலிப் இன்னும் ஒரு படி மேலே போகும்: பெரும்பாலான ஹெடர்கள் /யூஎஸ்ஆர்/இன்க்ளூட்/ஜிலிப்-2.0-இல் இருக்க, 'ஜிலிப்கான்ஃபிக்.ஹெச்' மட்டும் லைப்ரரிகள் இருக்கும் 'லிப்' பக்கத்தில் ஜிலிப்-2.0/இன்க்ளூட் என்ற ஃபோல்டரில் உட்கார்ந்திருக்கும். பிராசசருக்குப் பிராசசர் அதன் உள்ளடக்கம் மாறும் என்பதால் இந்தப் பிரிவு. ஒரு பாதையைக் கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டு, 'இன்னும் ஏன் வரவில்லை' என்று தலையைப் பிய்த்துக்கொள்ள இது நல்ல வழி.

இந்தப் பாதைகளை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை; கையால் எழுதிவைக்கவும் கூடாது. லைப்ரரியிடமே கேட்கலாம். 'பிகேஜி-கான்ஃபிக் --சிஃப்ளாக்ஸ் லிப்எக்ஸ்எம்எல்-2.0' என்று கொடுத்தால் கம்பைலருக்குக் கொடுக்கவேண்டிய பாதையை அப்படியே அச்சிடும். '--லிப்ஸ்' என்று கேட்டால் லிங்கருக்கு உரியது. பெயரில்தான் ஒரு கண்ணி இருக்கிறது: டெபியன் பேக்கேஜின் பெயர் லிப்எக்ஸ்எம்எல்2-டெவ், லிங்கர் கேட்கும் பெயர் எக்ஸ்எம்எல்2, பிகேஜி-கான்ஃபிக் அறிந்த பெயர் லிப்எக்ஸ்எம்எல்-2.0. ஒரே பொருளுக்கு மூன்று பெயர். 'பிகேஜி-கான்ஃபிக் --லிஸ்ட்-ஆல்' கொடுத்துப் பட்டியலில் பார்த்துக்கொள்வது பாதுகாப்பு.

'பிகேஜி-கான்ஃபிக் --சிஃப்ளாக்ஸ் இசட்லிப்' கொடுத்து வெறும் வெற்று வரி வந்தால் அது பிழை அல்ல. ஹெடர் /யூஎஸ்ஆர்/இன்க்ளூடிலேயே நேராக இருக்கிறது, தனியாகச் சொல்ல எதுவும் இல்லை என்று பொருள். லைப்ரரியே இல்லையென்றால் தெளிவான பிழைச் செய்தி வரும்.

சில லைப்ரரிகள் தங்களுக்கென்று ஒரு சிறு கருவியை வைத்திருக்கும். போஸ்ட்கிரெஸுக்கு 'பிஜி_கான்ஃபிக்'. சைகோபிஜி2 கம்பைல் ஆகும்போது ஹெடர் பாதையை அதனிடம்தான் கேட்கிறது. ஆகவே 'பிஜி_கான்ஃபிக் எக்ஸிக்யூட்டபிள் நாட் ஃபவுண்ட்' என்ற பிழை வந்தால் கட்டளைகளைத் தேடவேண்டிய ஃபோல்டர்களைச் சொல்லும் 'பாத்' மாறியில் (முழுவதும் பெரிய எழுத்து) அந்தக் கருவியின் இடம் இல்லை என்று அர்த்தம். டெபியனில் அதைக் கொண்டுவருவதும் லிப்பிக்யூ-டெவ்தான். கணினியில் இரண்டு போஸ்ட்கிரெஸ் இருந்தால் 'பாத்' வரிசையில் முதலில் வரும் பிஜி_கான்ஃபிக்தான் ஜெயிக்கும். 'விச் பிஜி_கான்ஃபிக்' கொடுத்து யார் முன்னால் நிற்கிறார் என்று பாருங்கள்.

நேரடியாகப் பாதையைச் சொல்லியே தீரவேண்டிய நிலை வந்தால் 'சிபாத்' அல்லது 'சிஃப்ளாக்ஸ்' என்ற சூழல் மாறியை (முழுவதும் பெரிய எழுத்து) அந்த ஒரு கட்டளைக்கு முன்னால் மட்டும் வையுங்கள். சிபாத்தில் வெறும் பாதை போதும்; சிஃப்ளாக்ஸில் பாதைக்கு முன் ஹைஃபனும் பெரிய எழுத்து 'ஐ'யும் சேர வேண்டும். இதை, ஷெல் தொடங்கும்போதெல்லாம் படிக்கும் பாஷ்ஆர்சி கோப்பில் நிரந்தரமாக எழுதுவது எங்கள் பார்வையில் மோசமான பழக்கம். ஆறு மாதம் கழித்துத் தொடர்பே இல்லாத வேறொரு நிரலைக் கம்பைல் செய்யும்போது பழைய ஹெடரை அது எடுத்துக்கொள்ளும், காரணம் அப்போது யாருக்கும் நினைவிருக்காது. சூடோ போட்டு ஓட்டினால் இந்த மாறிகள் வழக்கமாக உள்ளே போகாது என்பதையும் கவனியுங்கள்.

உண்மையில் கம்பைலருக்கு எந்தப் பாதைகள் போயின என்று சந்தேகமாக இருந்தால் பிப்புக்கு '-வி' சேர்த்து ஓட்டுங்கள். முழு ஜிசிசி வரியும் தெரியும். பாதி வழக்கு அந்த வரியைப் படித்தாலே தீர்ந்துவிடும்.

பைத்தான்.ஹெச்: தனி அத்தியாயம்

'பைத்தான்.ஹெச்' (முதல் எழுத்து பெரியது) இல்லை என்ற பிழைக்கு எங்கும் கிடைக்கும் பதில் 'பைத்தான்3-டெவ் நிறுவு' என்பது. வினியோகத்தின் சொந்தப் பைத்தானைப் பயன்படுத்தினால் சரி. உபுண்டு 22.04-இல் அது 3.10, 24.04-இல் 3.12. நீங்கள் உபுண்டு 22.04-இல் வேறு களஞ்சியத்திலிருந்து 3.12-ஐ நிறுவி ஓட்டிக்கொண்டிருந்தால், பைத்தான்3-டெவ் கொண்டுவருவது 3.10-க்கான ஹெடரை. அது உங்களுக்கு உதவாது. அதே களஞ்சியத்தின் 'பைத்தான்3.12-டெவ்' வேண்டும்.

நிரலை அதன் சூழலோடு சேர்த்து 'இமேஜ்' ஆகக் கட்டி ஓட்டும் டாக்கரில் இந்தக் குழப்பம் இன்னும் அதிகம். அதிகாரபூர்வப் பைத்தான் இமேஜ்களில் பைத்தான் /யூஎஸ்ஆர்/லோக்கலில் தனியாகக் கட்டப்பட்டிருக்கும், அதன் ஹெடரும் அங்கேயே கூட இருக்கும். 'ஸ்லிம்' இமேஜில் குறைவது ஹெடர் அல்ல, ஜிசிசி. அங்கே ஆப்ட் மூலம் பைத்தான்3-டெவ் நிறுவினால் டெபியனின் இரண்டாவது பைத்தான் ஒன்று வந்து இடத்தை அடைக்கும், பயன் எதுவும் இல்லை. அதே இமேஜில் '--நோ-இன்ஸ்டால்-ரெக்கமண்ட்ஸ்' போட்டு ஜிசிசியை மட்டும் நிறுவினால் 'எஸ்டிடிஐஓ.ஹெச்' இல்லை என்று வரும். சி மொழியின் அடிப்படை ஹெடரான அது 'லிப்சி6-டெவ்' பேக்கேஜில் இருக்கிறது. ஜிசிசி அதைப் பரிந்துரைக்கிறதே தவிரக் கட்டாயமாகக் கேட்பதில்லை. பில்ட்-எசென்ஷியல் நிறுவினால் இரண்டும் வரும். ஆல்பைனில் அதே பிழைக்கு 'மசல்-டெவ்'.

வெர்ச்சுவல் என்விரான்மெண்டுக்குள் (ஒரு வேலைக்கென்று தனியாக வைக்கும் பைத்தான் சூழல்) 'இன்க்ளூட்' என்று ஒரு ஃபோல்டர் இருக்கும். அதைத் திறந்தால் பெரும்பாலும் காலி. ஹெடர் அடிப்படைப் பைத்தானோடு இருக்கிறது, நகல் எடுக்கப்படுவதில்லை. எங்கே என்று அறிய, எந்தப் பைத்தானைக் கொண்டு நிறுவுகிறீர்களோ அதையே திறந்து, 'சிஸ்கான்ஃபிக்' மாட்யூலின் 'கெட்_பாத்ஸ்' தரும் அகராதியில் 'இன்க்ளூட்' என்ற சாவியைப் பாருங்கள். அந்த ஃபோல்டரில் பைத்தான்.ஹெச் இருக்கிறதா இல்லையா என்பது ஒரே பார்வையில் தெரிந்துவிடும்.

எண் கணிப்புக்கான பைத்தான் பேக்கேஜான நம்பையின் ஹெடரும் இதே இனம்; பாதையை நம்பையின் 'கெட்_இன்க்ளூட்' ஃபங்ஷன் சொல்லும். 2024-இல் வந்த நம்பை 2.0-இல் உள் ஃபோல்டரின் பெயர் 'கோர்' என்பதிலிருந்து முன்னால் அடிக்கோடு சேர்ந்த '_கோர்' ஆனது. பழைய பாதையைக் கையால் எழுதிவைத்திருந்த செட்டப் கோப்புகள் அன்றோடு உடைந்தன, ஃபங்ஷனைக் கேட்டவை தப்பின. நம்பை நிறுவியிருந்தும் 'நம்பை/அரேஆப்ஜெக்ட்.ஹெச்' இல்லை என்று வந்தால் வேறு காரணம்: பிப் ஒவ்வொரு கம்பைலையும் தற்காலிகமான தனிச் சூழலில் செய்கிறது, உங்கள் நம்பை அங்கே தெரியாது. பேக்கேஜின் பைப்ராஜெக்ட்.டாமல் கோப்பில் பில்டுக்குத் தேவையானவற்றில் நம்பை குறிப்பிடப்பட்டிருக்க வேண்டும்.

மேக், கோண்டா, நிக்ஸ்

மேக் கணினியில் /யூஎஸ்ஆர்/இன்க்ளூட் என்பதே 2018-இல் வந்த மொஹாவியோடு போய்விட்டது. அமைப்பு ஹெடர்கள் எஸ்டிகே (மென்பொருள் உருவாக்கத் தொகுப்பு) ஃபோல்டருக்குள் உள்ளன; 'எக்ஸ்சிரன் --ஷோ-எஸ்டிகே-பாத்' இடத்தைச் சொல்லும். ஹோம்ப்ரூ என்ற பேக்கேஜ் நிறுவும் கருவி வழியாக வருபவை இன்டெல் மேக்கில் /யூஎஸ்ஆர்/லோக்கலுக்குள்ளும், ஆப்பிள் சிலிக்கானில் /ஆப்ட்/ஹோம்ப்ரூவுக்குள்ளும் போகின்றன. முதலாவது கம்பைலரின் வழக்கமான பட்டியலில் உண்டு, இரண்டாவது இல்லை. பழைய மேக்கில் ஓடிய அதே கட்டளை புதிய மேக்கில் நிற்பதற்கு இதுதான் காரணம். போதாக்குறைக்கு, லிப்பிக்யூ போன்ற சிலவற்றை ஹோம்ப்ரூ 'கெக்-ஓன்லி' என்று தனி அறையில் வைக்கும்; பொது ஃபோல்டரில் இணைக்காது. 'ப்ரூ --ப்ரிஃபிக்ஸ் லிப்பிக்யூ' தரும் பாதைக்குள் 'பின்' ஃபோல்டரைப் 'பாத்' மாறியின் முன்னால் சேர்த்தால் பிஜி_கான்ஃபிக் கிடைத்துவிடும், மற்றதை அது பார்த்துக்கொள்ளும்.

பேக்கேஜ்களையும் சூழல்களையும் தானே நிர்வகிக்கும் கோண்டாவில் சூழலின் வேர் ஃபோல்டரை 'கோண்டா_ப்ரிஃபிக்ஸ்' மாறி (முழுவதும் பெரிய எழுத்து) சொல்லும். ஹெடர்கள் அதற்குள் 'இன்க்ளூட்'. கணினியின் ஜிசிசிக்கு அந்த இடம் தெரியாது. கோண்டா-ஃபோர்ஜ் என்ற பேக்கேஜ் களஞ்சியத்தின் 'கம்பைலர்ஸ்' பேக்கேஜை நிறுவி, சூழலை ஆக்டிவேட் செய்தால் தேவையான மாறிகள் தானாக நிரம்பும். ஆக்டிவேட் செய்யாமல் பைத்தானை முழுப் பாதையில் அழைத்தால் நிரம்பாது. எதிர்ப்பக்கமும் உண்மை: கோண்டாவின் கம்பைலர் தன் சொந்த சிஸ்ரூட்டைத்தான் (அடிப்படை ஹெடர்களும் லைப்ரரிகளும் கொண்ட தனி ஃபோல்டர்) பார்க்கும், நீங்கள் ஆப்ட்டில் நிறுவிய ஹெடர் அதன் கண்ணில் படாது. ஏதாவது ஒரு பக்கம் நில்லுங்கள்.

நிக்ஸ் என்ற பேக்கேஜ் நிர்வாகியில் ஒவ்வொரு பேக்கேஜும் /நிக்ஸ்/ஸ்டோருக்குள் நீண்ட ஹாஷ் பெயரோடு தனித்தனியாக இருக்கும். ஹெடர் பலவற்றில் 'டெவ்' என்ற தனி வெளியீடாகப் பிரிந்திருக்கும். லைப்ரரியைக் கணினி முழுவதற்குமாக நிறுவினாலும் கம்பைலர் அதைக் காணாது. 'நிக்ஸ்-ஷெல் -பி' கொடுத்து ஜிசிசி, பிகேஜி-கான்ஃபிக், இசட்லிப் என்று வரிசையாகச் சொன்னால் அந்த ஷெல்லுக்குள் பாதைகள் தாமாகச் சேரும்.

கிடைத்தது சரியான ஹெடர்தானா?

பிழை வராமல் கம்பைல் ஆகிவிட்டது என்பதால் வேலை முடிந்துவிடாது. ஒரு வெர்ஷனின் ஹெடரை வைத்துக் கம்பைல் செய்து இன்னொரு வெர்ஷனின் லைப்ரரியோடு ஓட்டுவது, போன வருட கால அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டு இந்த வருட ரயிலைப் பிடிக்கப் போவது போன்றது. சில வண்டிகள் கிடைக்கும். நல்ல காலம் இருந்தால் 'அன்டிஃபைன்டு சிம்பல்' என்று இம்போர்ட் செய்யும்போதே நின்றுவிடும். கெட்ட காலம் என்றால் ஒரு ஸ்ட்ரக்டின் அளவு மாறியிருந்து, சம்பந்தமில்லாத நேரத்தில் செக்மென்டேஷன் ஃபால்ட் வரும். கோண்டா ஹெடர், உபுண்டு லைப்ரரி என்று கலந்த இடங்களில் இது நடக்கிறது.

சில மாட்யூல்கள் இரண்டு எண்களையும் காட்டும். பைத்தானின் இசட்லிப் மாட்யூலில் 'இசட்லிப்_வெர்ஷன்' என்பது கம்பைல் செய்தபோது இருந்தது, 'இசட்லிப்_ரன்டைம்_வெர்ஷன்' இப்போது ஓடுவது (இரண்டும் முழுவதும் பெரிய எழுத்து). லிப்எக்ஸ்எம்எல்2-ஐப் பயன்படுத்தும் எல்எக்ஸ்எம்எல் பேக்கேஜின் ஈட்ரீ மாட்யூலில் 'லிப்எக்ஸ்எம்எல்_கம்பைல்டு_வெர்ஷன்', 'லிப்எக்ஸ்எம்எல்_வெர்ஷன்' என்று இரண்டு (இவையும் பெரிய எழுத்து). கொஞ்சம் வேறுபட்டால் பாதகமில்லை. ஓடுவது பழையதாகவும் கம்பைல் செய்தது புதியதாகவும் இருந்தால் கவனிக்க வேண்டும். உருவான '.எஸ்ஓ' கோப்பு எந்த லைப்ரரியை இழுக்கிறது என்பதை லினக்ஸில் 'எல்டிடி', மேக்கில் 'ஓடூல் -எல்' (எல் பெரிய எழுத்து) காட்டும்.

ஹெடரைச் சரிசெய்தபின்னும் பழைய கோளாறே தொடர்ந்தால், முன்பு கட்டிய வீலைப் பிப் தன் கேஷிலிருந்து எடுத்து நிறுவியிருக்கக்கூடும். '--நோ-கேஷ்-டிர்' சேர்த்து, '--ஃபோர்ஸ்-ரீஇன்ஸ்டால்' கொடுங்கள்.

கம்பைல் செய்யாமலே தப்ப வழி உண்டா என்றால் உண்டு. 'சைகோபிஜி2-பைனரி' ஹெடர் எதையும் கேட்காது, லிப்பிக்யூவைத் தன்னோடே கொண்டுவரும். கற்றுக்கொள்ளும்போதும் சோதனைக்கும் அது போதும். உற்பத்திச் சூழலுக்கு மூலத்திலிருந்து கட்டச் சொல்கிறார்கள் அதன் ஆசிரியர்கள். ஆல்பைனில் இன்னொரு சிக்கல்: அது மற்ற லினக்ஸ்களில் வழக்கமான க்ளிப்சிக்குப் பதில் மசல் என்ற சி லைப்ரரியில் ஓடுவதால், பொதுவான 'மெனிலினக்ஸ்' வீல்கள் பொருந்தா. ஒரு பேக்கேஜ் 'மசல்லினக்ஸ்' வீல் வெளியிடவில்லையென்றால் பிப் மூலத்தை இறக்கிக் கம்பைல் செய்யத் தொடங்கும். வேறு இமேஜில் ஹெடரே கேட்காத பேக்கேஜ் ஆல்பைனில் மட்டும் கேட்பது இதனால்தான்.

டாக்கரில் கட்டும்போது இரண்டு கட்டமாகப் பிரித்துவிடுங்கள். முதல் கட்டத்தில் பில்ட்-எசென்ஷியலும் லிப்பிக்யூ-டெவ்வும் நிறுவி, 'பிப் வீல்' கொடுத்து வீலை உருவாக்குங்கள். இரண்டாம் கட்டத்தில் அந்த வீலை நகலெடுத்து நிறுவி, லிப்பிக்யூ5-ஐ மட்டும் ஆப்ட்டில் சேருங்கள். இரண்டு கட்டத்துக்கும் ஒரே டெபியன் வெளியீட்டின் இமேஜாக இருக்க வேண்டும். லிப்பிக்யூ5-ஐ மறந்தால் இமேஜ் தடையின்றி உருவாகிவிடும். முதல் இம்போர்ட்டில்தான் 'லிப்பிக்யூ.எஸ்ஓ.5: கேனாட் ஓப்பன் ஷேர்டு ஆப்ஜெக்ட் ஃபைல்' என்று தெரியவரும். ஆகவே இரண்டாம் கட்டத்தின் கடைசி வரியாகச் சைகோபிஜி2-ஐ ஒருமுறை இம்போர்ட் செய்து பார்க்கும் கட்டளையைப் போட்டுவையுங்கள். குறை இருந்தால் பில்டே நின்றுவிடும்.